அச்சக்காவும் அடுப்பு வயிற்றுக்காரனும்

தாளின் ஒரு மூலையைப் பிடித்துக் காதோரம் ஓர் உதறு. 'சடக்' என்று கேட்டால் சரி. தொளதொளவென்று தொங்கினால் அந்தக் கட்டு அன்றைக்குப் பிரிக்கப்படாது, கடைக்குள்ளேயே ஒரு நாள் கிடக்க வேண்டியதுதான். "மழைல வந்த மனுசன் தல துவட்டிக்க வேணாமா? ஈரத்தோட உள்ள விட்டா சுருண்டுக்கிட்டுதான் வெளிய வருவான்" என்பாள் அச்சக்கா. அச்சுக் கடை அக்காவைத் தெரு அப்படிச் சுருக்கிவிட்டது.

அவளுக்குத் தாளும் ஆண், மெஷினும் ஆண். கடையில் இருப்பது ஒரே ஒரு லேசர் பிரிண்டர். "இவனுக்கு வயித்துல அடுப்பு. பொடிய உருக்கித் தாள்ல அழுத்துவான். மையைப் பீச்சுறவன் இல்ல" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம். பளபளக்கும் போட்டோ தாளை நீட்டினால் போச்சு! "இது மை பீச்சுறவனுக்கான தாள் சார். இவன் சூட்டுல மேல்பூச்சு உருகி ஒட்டிக்கும்." சார் முகம் சுண்டினாலும் கவலையில்லை. அடித்து வரும் தாளைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள். "உதிருற எழுத்து இந்தக் கடைய விட்டு வெளிய போனதில்ல." கொஞ்சம் கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று காலை பக்கத்துத் தெரு சோப்புக்காரி மூச்சிரைக்க வந்தாள். வீட்டிலேயே சோப்புக் காய்ச்சுகிறவள். ஒரு பெரிய கடை முதல்முறையாக நாற்பது சோப்பு கேட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் ஒவ்வொன்றிலும் சோப்பின் பெயரோடு போனால் அலமாரியில் இடம், இல்லாவிட்டால் அது வேறொருவருக்கு. மணி பத்தரை. ஒரு கையில் சோப்புப் பெட்டி, மறு கையில் பாதி உரித்து மீந்த ஸ்டிக்கர் தாள்கள்.

"மிச்சம் சும்மாதானே கிடக்கு, இதுலயே போட்டுக் குடுங்கக்கா."

"அடியம்மா! பாதி உரிச்சதை விட்டா மிச்சம் சூட்டுல பிரிஞ்சு உள்ள ஒட்டிக்கும். இவன் அவுட்டு. அப்புறம் நானும் உன்கூட வந்து சோப்புதான் காய்ச்சணும்."

சோப்புக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது போச்சுன்னா இந்த வேலையே வேணாம்னு வீட்ல சொல்லிடுவாங்கக்கா."

"போகும்னு யாரு சொன்னா? ஒட்டாட்டி என்ன, சுத்திருவோம்."

அலமாரியைத் துழாவிக் கெட்டியான பழுப்புத் தாளை எடுத்தாள். பட்டையாக வெட்டினால் சோப்பின் இடுப்பைச் சுற்றிக் கட்டலாம். உதறினாள், திருப்தி. பத்துத் தாள் கடகடவென்று வந்து விழுந்தன. "புடி" என்று நீட்டப் போனவளின் நகம் பழக்கத்தில் ஒரு கீறு கீறியது. சோப்பின் பெயரில் முதல் எழுத்து பொடியாக உதிர்ந்தது.

அச்சக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவசரத்தில், கெட்டித் தாள் என்று மெஷினுக்குச் சொல்லாமல் சாதாத் தாள் என்றே விட்டிருந்தாள். சூடு போதவில்லை. மெஷின்மேல் பழியைப் போட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது!

"தப்பு என்மேலம்மா. மாத்த மறந்துட்டேன்."

கணினியில் கெட்டித் தாளுக்கு மாற்றினாள். தாள் வளையாமல் நேராக வரட்டும் என்று மெஷினின் பின்கதவைத் திறந்துவிட்டு, புதுத் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் ஊட்டினாள். இவனோ ஆடி அசைந்து துப்பினான்.

"ரெண்டு பேருமா சேந்து என் உசுர வாங்குறீங்கக்கா."

"வெந்துதான் வரணும். பொறு."

நகம் கீறியது. எழுத்து அசையவில்லை. இருவருமாக வெட்டிச் சுற்றி, நாற்பதையும் பெட்டியில் அடுக்கியபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.

ஓடுகிற ஓட்டத்திலும் சோப்புக்காரி, உபரியாக இருந்த ஒரு சோப்பைப் பட்டையோடு அச்சக்கா கையில் திணித்தாள். "விரலெல்லாம் அந்த உதிர்ந்த பொடிக் கரி. இதைப் போட்டுக் கழுவுங்கக்கா."

அவள் தெருமுனை திரும்பும்வரை அச்சக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரிக் கையைத் துண்டில் அழுந்தத் துடைத்துவிட்டு, சோப்பைப் பிரிக்காமல், பெயர் தெருவைப் பார்க்கும்படி கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்தாள்.