யுத்தப் படத்தில் வந்த பிள்ளை

சாந்தோமில் நாங்கள் குடியிருந்த வீடு ஒரு கத்தோலிக்க டீச்சருடையது. முன்கட்டில் அவரும் அவருடைய ஒரே பிள்ளையும், பின்கட்டில் நானும் என் கணவரும் மாமியாரும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலி செய்துகொண்டு போயிற்று. பயம் தெளிந்து நாங்கள் திரும்பி வந்தபோது மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அலைந்து பார்த்துவிட்டு இங்கே வந்தோம். "கிறிஸ்துவா ஆத்துலயா குடித்தனம்?" என்று மந்தைவெளியிலிருந்து பார்க்க வந்த நாத்தனார் வாசற்படி ஏறாமலே போய்விட்டார்.

மாமியார் தலை மழித்த விதவை. மடி ஆசாரம் எல்லாம் உண்டு. குடிவந்த அன்றே டீச்சர் பின்கட்டுக்கு வந்து, "மாமி, ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல மீன் பொரிப்போம். ஜன்னலைச் சாத்திக்கிறேன். வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார். மாமியார் கொஞ்சம் யோசித்தார்.

"கெணத்துக்கு ரெண்டு கயிறு போட்டுக்கலாம். வேறொண்ணும் வேண்டாம்."

அப்படியே நடந்தது. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் சமைக்காத பொருளாகப் பார்த்து, பழமும் ரேஷன் சர்க்கரையும் கொடுப்பார். கார்த்திகைக்குப் பொரி உருண்டை முன்கட்டுக்குப் போகும். தொட்டுப் பழகாமலே ஒருத்தர் இருமினால் இன்னொருத்தர் கஷாயம் வைக்கிற உறவு அது.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம். எந்த மாதா கோயிலைத் தாண்டினாலும் நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டுக்கொண்டு கடைசியில் கட்டைவிரல் நகத்தை முத்தமிடுவான். சைக்கிளில் போகும்போதும் ஒரு கையை விட்டுவிட்டுச் செய்வான். விழுந்துவிடப்போகிறானே என்று எனக்குப் பதறும். பாலம் போடுகிற படைப்பிரிவில் சேர்ந்து கப்பல் ஏறப் புறப்பட்டபோது மாமியார் கபாலி கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றைத் தரையில் வைத்து நகர்த்தினார். டீச்சரே அதை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டார்.

எங்கே இருக்கிறான் என்று அவன் எழுதக்கூடாதாம். ஆனால் 'இங்கே தெருவுக்கு ஒரு கோயில், மணிச்சத்தம் நம்மூர் மாதிரியே' என்று ஒரு தரம் எழுதியிருந்தான். இத்தாலி என்று டீச்சர் கண்டுகொண்டார். அன்றைக்கு அவருக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. "பாப்பரசர் இருக்கிற நாடும்மா. பூசை தவறாது. நம்ம ஜனங்க நடுவுலதான் இருக்கான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் போய்விட்டான் என்று தந்தி வந்தது. பிரிக்க மனமில்லாமல் டீச்சர் என்னிடம் நீட்ட, படித்துச் சொன்னது நான்தான். டீச்சர் அழவில்லை. "நம்ம ஜனங்க நடுவுலதானே இருந்தான்?" என்று கேட்டார். மாமியார் முன்கட்டுக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தி வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு, பிறகு வந்து தலைமுழுகினார். உடல் வரவில்லை. கோயிலில் பூசை மட்டும் நடந்தது.

கொஞ்ச நாள் கழித்து என் கணவர் என்னைப் படம் பார்க்க அழைத்துப் போனார். ஏதோ புராணப் படம். அந்த நாளில் படத்துக்கு முன்னால் யுத்தச் செய்திப் படம் காட்டுவார்கள். பீரங்கி, புகை, ஒருவன் உற்சாகமாகக் கத்திக் கத்திப் பேசுவான். நாங்கள் கடலை தின்றுகொண்டிருந்தோம். இடிந்துபோன ஒரு மாதா கோயிலைத் தாண்டி நம் சிப்பாய்கள் வரிசையாக நடந்து போனார்கள். அதில் ஒருவன் கோயிலைப் பார்த்துத் திரும்பி நெற்றி, மார்பு, தோள் தொட்டு, கட்டைவிரல் நகத்தை முத்தமிட்டான்.

நான் கத்திவிட்டேன். கடலைப் பொட்டலம் கீழே விழுந்தது. அதற்குள் திரையில் வேறு ஏதோ ஓடியது.

"நீ அவன் நெனப்பாவே இருக்கே. அதான்" என்றார் என் கணவர். ஆனால் அவர் முகமும் வெளுத்திருந்தது. படம் பார்க்காமலே வீட்டுக்கு வந்தோம். அவன் சாவதற்கு முன் எடுத்த படமே ஆனாலும் டீச்சரிடம் சொல்லவே கூடாது, செத்த பிள்ளை நடந்து போவதை ஒரு தாய்க்கு எப்படிக் காட்டுவது என்று என் கணவர் தீர்மானமாகச் சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, நன்னாப் பாத்தியா? அவனேதானா?"

"அவனேதாம்மா."

"அப்போ சொல்லிடு. பெத்தவ பாக்காம வேற யார் பாக்கறது? நானும் வரேன்."

சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாதவர் அவர். மறுநாள் மாலை, துக்கத்துக்குக் கறுப்புடுத்திய டீச்சரும் முக்காடிட்ட மாமியாரும் நானும் கொட்டகை வாசலில் நின்றதைப் பார்த்து, டிக்கெட் கிழிக்கும் பாய் திகைத்துப் போனார்.

"இன்னாம்மா, சாமி படம்னு வந்தீங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்கள் கையிலிருந்த டிக்கெட்டைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்து, "துட்டு வாபஸ் வாங்கிக்கோங்க. முன்னாடி போய் உக்காருங்க, அங்கதான் மூஞ்சி நல்லாத் தெரியும்" என்றார்.

அவன் வந்தான். திரும்பினான். சிலுவை போட்டுக்கொண்டான். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "டேய் கண்ணு, தொப்பி எங்கடா?" என்றார். வகுப்பில் பிள்ளைகளைக் கேட்கிற அதே குரல். பின்னாலிருந்து "உக்காரும்மா" என்று யாரோ அதட்ட, பாய் ஓடிப்போய் அந்த ஆளின் வாயை அடைத்தார். நான் டீச்சரின் கையைப் பிடித்தேன். மறுபக்கம் மாமியார் பிடித்திருந்தார். மடி பார்ப்பவராயிற்றே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது நினைவிருக்கிறது. கிணற்றடியில்கூட விலகி நிற்கிறவர்.

வெளியே வந்தபோது பாய், "டெய்லி வாங்கம்மா. வெள்ளிக்கிழமை வரிக்கும் இதான் ஓடும்" என்றார். தினமும் போனோம். செய்திப் படம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவோம். அந்தச் சில நொடிக்காக டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வேகவேகமாக வருவார். வழியெல்லாம் பேசுவார். இளைத்திருக்கிறான், காலை ஒரு மாதிரி வைக்கிறான் என்பார். பிள்ளை திரும்பி வந்துவிட்டதைப் போலவே இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. சாந்தோம் கோயில் வந்ததும் நின்றார்.

"மாமி, அவனுக்குப் பின்னாடி சுவரோரமா ஒரு அம்மா நிக்குதே, பார்த்தீங்களா?"

"இல்லையே. நான் உங்க பிள்ளையத்தான் பாத்துண்டிருந்தேன்."

"நானும் இத்தனை நாளும் அவனை மட்டும்தான் பார்த்தேன். இன்னிக்குத்தான் அந்தம்மா கண்ணுல பட்டுது. என்னை மாதிரியே கறுப்புத் துணி. கையில ஜெபமாலை. சின்னப் பொண்ணு ஒண்ண சால்வைக்குள்ள மறைச்சிக்கிட்டு நிக்குது. என் பிள்ளை சிலுவை போடறான் மாமி, அதைப் பார்த்தும் அந்தம்மா பயந்து பின்னால போகுது. எம் பிள்ளையப் பார்த்துப் பயப்படுது."

சொல்லிவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்தார். தந்தி வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. மீன் கூடைக்காரிகள் இரண்டு பேர் கூடையை இறக்கிவிட்டு என்னவென்று கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க அதே திரையைப் பார்த்தவள் நான். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. இத்தாலி பணிந்த பிறகும் எங்களுக்கு அவர்கள் 'சத்துரு நாடு'தான். பேப்பரில் வருஷக்கணக்காக அப்படித்தான் போட்டிருந்தார்கள். அந்த நாட்டிலும் ஒரு டீச்சர் இருப்பாள், ஜெபமாலை உருட்டுவாள், எங்கள் முன்கட்டுப் பையனைக் கண்டு குழந்தையை ஒளித்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"நம்ம ஜனங்கன்னு சொன்னேனே. அவங்க இவனை என்னான்னு நெனச்சாங்க?" என்று டீச்சர் மறுபடியும் மறுபடியும் கேட்டார். மாமியார் அவர் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி வீட்டுக்கு நடத்தி வந்தார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் எங்களுக்கு முன்பே கிளம்பி வாசலில் நின்றார். அந்த அம்மாவை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்றார். கொட்டகையில் பாய் எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"படப் பொட்டி காலையிலயே சேலத்துக்குப் பூட்ச்சிம்மா. சாயங்காலம் வரிக்குமாவது வையிங்கன்னு மேனேஜரைக் கேட்டுப் பார்த்தேன், முடியாதுன்ட்டாரு. இப்போ பர்மா சண்டை ஓடிகினு கீது."

உள்ளே பீரங்கிச் சத்தம் கேட்டது. அந்தக் குரல் அதே உற்சாகத்தோடு கத்தியது. டீச்சர் பாயைக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் இரண்டு பூசைக்குச் சொன்னார், ஒன்று பிள்ளைக்கு. இரண்டாவது யாருக்கு என்று பங்குச் சாமியார் கேட்டாராம். பேர் தெரியாது என்றாராம்.