இரண்டு பத்துக்கு அக்கா

எட்டு வருடமாகப் பார்க்கிறேன். ஞானசேகரன் எங்கள் தையல் கடை வாசலுக்கு வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "மூணு நிமிஷம் ஃபாஸ்ட்டும்மா" என்பார். கொரோனாவில் வராத காலம் தவிர, வந்த ஞாயிறெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். முதலாளி கடிகாரத்தைத் திருத்தியதில்லை.

துவாஸில் ஒரு ஷிப்யார்டில் பைப் வேலை அவருக்கு. விடுதி அறையில் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் மூவர் முறைவைத்து வேலைக்குப் போக, மற்றவர்களை லிட்டில் இந்தியாவுக்கு ஓட்டி வருவது இவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை. எட்டு நாற்பதுக்கு விடுதி பஸ். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாற எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டு பக்கம் என்பதுவரை அவர் போடும் அட்டவணையில் இருக்கும். பதினொன்றுக்கு முடிவெட்டு, பன்னிரண்டுக்குக் கோயில், பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு. ஒன்றரையிலிருந்து இரண்டு வரை 'சும்மா நிற்பது'. அதையும் நேரம் போட்டுத்தான் செய்வார்கள்.

இந்த வருடம் அவர் ஒரு புதுமை செய்தார். வருடம் முழுவதற்குமான அட்டவணையை லேமினேட் செய்து அறைச் சுவரில் ஒட்டினார். அதில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறில், '2.10 – 2.40 அசோக், அக்கா' என்று போட்டிருந்தார்.

அசோக் அதே அறைக்காரன். அவன் அக்கா தங்கம் சிராங்கூனில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு விடுப்பு இரண்டாம் ஞாயிறு மட்டும். ஒரே ஊரில் இருந்தும் பதினான்கு மாதமாக இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. கால்சட்டை நீளம் குறைக்க எங்கள் கடைக்கு வந்தபோதுதான் அசோக் எல்லோர் முன்னாலும் ஞானசேகரனிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, மேஸ்திரி லிஸ்ட்ல எனக்கு வேலை ரெண்டாவது ஞாயித்துக்கிழமைதான். போன வருஷமும் அப்படித்தான்."

"லிஸ்ட் வந்துருச்சா?"

"நீங்க லேமினேட் பண்ண மறுநாளே வந்துச்சு."

ஞானசேகரன் மற்றவர்களைப் பார்த்தார். அவனுக்காக ஒருவர் நாள் மாற்றிக்கொள்ளலாம். ரஃபீக் தனக்கு அன்றைக்கு முடிவெட்டு இருப்பதாகச் சொன்னான். இன்னொருவருக்குச் சும்மா நிற்பது இருந்தது.

"என் நாலாவது ஞாயித்தை நீ எடுத்துக்க. ரெண்டாவதுக்கு நான் போறேன்" என்றார் ஞானசேகரன்.

"எனக்காகவா அண்ணே?"

"உனக்காக என்னலா? பிளாஸ்டிக் மேல அடிச்சு எழுதுனா அசிங்கமா இருக்கும்."

அந்த இரண்டாம் ஞாயிறு அவர் இல்லாமல் வந்தார்கள். அவர் வராத நாளில் எப்போதும் போல, வேறு ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பன்னிரண்டரைக்கு ரஃபீக்கின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"சும்மா நிக்கிறோம்ணே."

"சும்மா நிக்கிறது ஒன்னரைக்குடா. இப்ப கோயில்."

"முடிவெட்டே முடியலண்ணே. அதான் முன்னாடியே நிக்கிறோம்."

போனுக்குள் யார்டில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. போன் அணைந்தது.

இரண்டு பத்துக்குத் தங்கம் வந்தாள், கையில் எலுமிச்சை சாத டப்பா. அசோக் கடை வாசலில் எழுந்து நின்றான்.

"என்னடா இப்படி இளைச்சுட்ட?"

"நீ ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடுற போல."

டப்பா மூடியால் அவன் தலையில் ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மெஷினை மெதுவாக ஓட்டினேன்.

இரண்டு நாற்பதுக்கு அசோக்கின் போன் அடித்தது. "டைம் ஆச்சு அசோக்" என்றது குரல். தங்கம் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, நான் தங்கம். பதினாலு மாசம் ஆச்சு. அரை மணி நேரத்துல என் மாமியாரைப் பத்தியே பேசி முடிக்க முடியாது."



"எவ்வளவு நேரம்மா வேணும்?"

"ஏழு மணிக்கு வீட்டுல இருக்கணும். அதுவரைக்கும்."

"அப்ப ஆறு பன்னெண்டு ரயிலைப் பிடிங்க. அதை விட்டுராதீங்க."

ஆறு மணி வரை பேசினார்கள். மாமியார் நாலரைக்குத்தான் முடிந்தார்.

அடுத்த வாரம் ஞானசேகரன் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று நிமிடம் என்றார். அட்டவணையில் அக்காவுக்கு எதிரே இருந்த 2.40ஐ மட்டும் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டி மறைத்துவிட்டாராம். ரஃபீக் சொன்னான்.

இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவர் யார்டில் இருக்கிறார், அசோக்கும் தங்கமும் எங்கள் படியில் இருக்கிறார்கள். அன்றைக்குக் கடிகாரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அது இன்னும் மூன்று நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது.