ஏரியல் கம்பியில் ஓர் ஈர வேட்டி

எங்கள் மயிலாப்பூர் வீட்டு ரேடியோ சூடேறும்போது முதலில் வறுபட்ட தூசியின் வாசனை வரும், பிறகு அதன் பச்சைக் கண் திறக்கும், அதற்கப்புறம்தான் குரல். அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் மேட்ச். விடியற்காலையில் 'ஷார்ட் வேவ்' கமெண்ட்ரி அலைபோல ஏறி இறங்கி வர, அடுத்த பந்தைத் தானே ஆட வேண்டியவர்போல அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாம் நாள் ஆட்டத்தில் வெறும் 'கொரகொர'. வந்த மெக்கானிக் செட்டின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், லோக்கல் ஸ்டேஷன் ஷோக்கா பாடுது. செட்டு நல்லாத்தான் கீது. மேல ஏரியலைப் பாரு" என்று போய்விட்டார்.

மொட்டைமாடிக்கு ஓடியவன் நான். ஏரியல் கம்பியில் மாடிக் குடித்தனக்கார அண்ணாச்சியின் ஈர வேட்டி. திருநெல்வேலிக்காரர், தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை. விஞ்ஞானியின் பெருமிதத்தோடு கீழே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஈரவேட்டிக்கும் ரேடியோவுக்கும் என்ன சாமி சம்மந்தம்? மூணு வருசமா அங்கனதான காயப்போடுதோம்!"

"அதான், மூணு வருஷமா ஊறி ஊறிக் கம்பி செத்துடுத்து! மாசக் கடைசிக்குள்ள வேற ஜாகை பார்த்துக்கோங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க எனக்குப் பந்து போடச் சம்மதித்த ஒரே ஜீவன் அண்ணாச்சியின் மகன் செல்வம். என் கண்டுபிடிப்பு அவனையும் சேர்த்துக் காலி செய்துவிட்டது. வேட்டியை எடுத்தும் மறுநாள் அதே 'கொரகொர'தான். அன்றே அண்ணாச்சி சைதாப்பேட்டையில் வீடு தேடப் போனார். செல்வம் என்னைப் பார்த்தும் பாராமல் இருந்தான்.

அதற்கடுத்த காலை, யாரும் தொடாமலேயே, கமெண்ட்ரி கணீரென்று வந்தது. மாடிக்கு ஓடினேன். போகச் சொன்ன கோபத்தில் அண்ணாச்சியின் மனைவி மறுபடியும் அதே கம்பியில் அதே வேட்டியைப் போட்டிருந்தார், சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கையோடு இழுத்துவந்து காட்டினேன். அண்ணாச்சி பதறி வந்து எடுக்கப்போனார்.

"தொடாதேள்! மேட்ச் முடியறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

"அப்ப, வீடு?"

"எந்த வீடு?" என்றார் அப்பா.

வேட்டி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு எனக்கும் செல்வத்துக்கும். அந்த டெஸ்டில் நாம் தோற்றோம்; தெளித்ததில் குறையில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் உண்மைக் குற்றவாளி யாராக இருந்திருக்கும் என்று புரிந்தது. சூரியன் சில வேளை பொங்கும். அங்கிருந்து ஓயாமல் வீசும் காற்று அப்போது புயலாகி வந்து பூமியின் காந்தப் புலத்தை உலுக்கிவிடும். தொலைதூர ஒலிபரப்பை நமக்குத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் என்ற வானத்துக் கூரை, ஓரிரு நாள் கலங்கிப்போய், பிறகு தானே தெளியும். தரையோடு தவழ்ந்துவரும் லோக்கல் ஸ்டேஷனுக்கு ஒன்றும் ஆகாது. அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேஷ்டி போட்டப்புறம்தானே வந்தது?" என்றார்.

இப்போது அங்கே அடுக்குமாடி. ஏரியல் இல்லை, 'கொரகொர'வும் இல்லை. சூரியப் புயல் வரப்போவதைச் செல்பேசியே சொல்லிவிடுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வேட்டியை நனைத்துப் போடலாமென்றால், பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று அசோசியேஷனில் விதி. போட்டது அதன் செயலாளர் செல்வம்.