அண்ணனின் தோசைக்கல்

எங்கள் அண்ணன் நூம்பலில் பிறந்தவர். கழனி வேலை செய்த பெற்றோருக்குத் தலைப்பிள்ளை. அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுவிட்டு, அம்பத்தூரில் இரும்பைக் காய்ச்சி அச்சில் ஊற்றும் பட்டறையில் சேர்ந்தார். தங்கையான என்னையும் தம்பியையும் கரையேற்றிய பிறகே திருமணம் செய்துகொண்டார். பருத்திப்பட்டில் வீடு கட்டியதும் முதலில் வாங்கியது ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அண்ணனுடையது. விருந்தாளி யார் வந்தாலும் கல்லின் பெருமையைக் கேட்டாக வேண்டும். ஏறிய சூடு லேசில் இறங்காது, உரிந்துபோக மேல்பூச்சு இல்லை, கொஞ்சம் இரும்புச்சத்தும் சேரும் என்பார். பசிக்கிறது என்றால், "கல்லு காயட்டும்மா, வயிறு காஞ்சா ஒண்ணும் ஆயிடாது" என்பார். அதில் சப்பாத்தி சுட்டால் அன்று வீட்டில் சண்டைதான்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து, மருத்துவமனையிலேயே காலமானார்.

உடலை எடுத்தபின் வீட்டைக் கழுவினார்கள். தீட்டுப் போக வேண்டுமென்று எங்கள் சித்தி எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்தார். "இன்னாமா இது, கல்லு பூரா கரி ஏறிக் கீது! பளபளன்னு தேச்சி வெச்சிட்டேன் பாரு" என்றார். எத்தனையோ வருட எண்ணெய்ப் பதம் கம்பி நாரோடு போயிற்று. மறுநாளே கல் துருப்பிடித்தது.

காரியத்தன்று அண்ணனுக்குப் பிடித்த தோசையை அந்தக் கல்லிலேயே வார்த்துப் படைக்க வேண்டும் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். துருவைத் தேய்த்தெடுத்து, கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்கினோம். அப்படியும் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எங்கூட்ல நான்ஸ்டிக் கல்லு கீது, எட்தாரட்டா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அண்ணி வேண்டாமென்று தலையசைத்தார். பிய்ந்த துண்டுகளைச் சுரண்டி எடுத்துப் படையல் இலையில் வைத்தார்.

"அழாதீங்க அத்தை. நல்லா இருந்த கல்லுலயே மொத தோசை பிஞ்சிதான் வரும். பிஞ்சத எப்பவும் அவருதான் துன்னுவாரு. நல்லதா வர்றதெல்லாம் நமக்குப் போட்டுடுவாரு."

அத்தனை ஞாயிறுகள் சாப்பிட்டும் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

மருத்துவமனையில் துணையிருந்த பட்டறை நண்பர்களுக்கும், பந்தல் முதல் பந்தி வரை பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், ஓயாமல் உழைத்த சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த முதல் தோசைகளுக்காக அண்ணனுக்கும்.