யானைக்கு வைத்த குழை

தார் மணக்கிறது. கிளிநொச்சியில் என் வீட்டுப் படலைக்கு வெளியே வீதி போடுகிறார்கள். பீப்பாவின் கீழ் விறகு எரிகிறது, கறுப்புப் புகை முருங்கையில் ஏறிப் படிகிறது. மற்றவர்களுக்கு இது வீதியின் மணம். எனக்கு இது ஜனாதிபதியின் மணம். பெரியவர் யாரும் வருகிறார் என்றால்தான் எங்கள் பக்கம் தார் வரும். அவருடைய கார் திரும்பும் இடம்வரை வரும். அதற்கப்பால் ஒரு முழம் வராது.

போன மாரிக்கு முன்னர் ஒட்டுசுட்டானுக்கு அப்பால், அக்கா வீட்டுப் பாதையிலும் இதே மணம்தான். மணத்துக்கு முன்னே அத்தானின் அழைப்பு வந்தது. அவர் அங்கே வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர்.

"பிள்ளை, ரெண்டு நாள் வந்து நில். ஜனாதிபதி வாய்க்கால் திறக்க வாறார். வரவேற்புரை, எழுதத் தெரிஞ்ச நீதான் எழுதவேணும். கடைசியிலை, வரலாறு இவரை எப்பிடி நினைக்கும் எண்டு உருக்கமா நாலு வரி."

"கதிரையிலை இருக்கிற ஆளுக்கு வரலாறு என்னத்துக்கு அத்தான்? முதல் இருந்து முடிக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதை. கொக்காவின்ர வயல் வேணுமோ வேண்டாமோ?"

அந்தக் கேள்விக்கு நான் பேருந்து ஏறித்தான் ஆகவேண்டும். எங்களைப் பெற்ற ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காடு வெட்டி, வேர் கிளப்பி எடுத்த வயல் அது. அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அது இராணுவ முகாமின் முட்கம்பிக்கு உள்ளே கிடந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அக்கா யாரோ ஒருவரின் வயலைக் குத்தகைக்கு எடுத்து விதைக்கிறாள். போகும்போதும் வரும்போதும் தன் நிலத்தைக் கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கிறாள். உள்ளே ஆமிக்காரர் வத்தகை போட்டிருக்கிறார்கள். நீர் நிறைந்த அந்தப் பழத்தை வீதியோரத்தில் குவித்து விற்கிறார்கள். வெயிலில் நா வறண்டு நடந்துவந்த நாளிலும் அக்கா அதில் ஒரு கீறு வாயில் வைத்ததில்லை.

நான் போனேன். எழுதப் போகவில்லை.

குசினியில் அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் கதிரையைப் போட்டு, என்னை வெளியே விடாதவரைப் போல உட்கார்ந்தார்.

"இவர் முந்தினவையைப் போல இல்லையாம். எளிமையான ஆளாம்."

"முந்தினவர் வரேக்கையும் உதைத்தான் சொன்னனீங்கள்." அக்கா நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "எளிமையான ஆளுக்கு ஏன் இவ்வளவு தார்?"

"உன்ர தங்கச்சி நாலு வரி எழுதினால் வாறது உன்ர வயல்."

"என்ர வயல் என்ன அவளின்ர பேனைக்குள்ளையோ கிடக்கு? கம்பிக்குள்ளை எல்லோ கிடக்கு."

நான் எழுதவில்லை, அத்தானே எழுதினார். வரலாறு தீர்ப்புச் சொல்லும் என்று முடித்தார். எனக்கு அந்த வாக்கியம் ஆகாது. நீதிமன்ற வாசல்களில் நின்று கால் உளைந்த சனம் நாங்கள். தீர்ப்பை வரலாற்றிடம் விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், இன்றைக்கு விசாரித்து விளங்கவேண்டிய வழக்குக்குத் தவணை கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். எல்லாரும் செத்தபிறகு விளங்கலாம் என்கிறார். அதுவரைக்கும் வத்தகை காய்க்கும்.

அதற்குள் நகரத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பெரிய பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜனாதிபதியின் சிரித்த முகம். காடு தொடங்கும் இடத்தில் நிற்கும் வீரைமரத்தின் முன்னால் நட்டிருந்தார்கள், நிழல் நல்லது என்று. அது என்ன மரம் என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பாதையால் வயலுக்கோ விறகுக்கோ போகிற எவரும் இலையோடு ஒரு பச்சைக் குழையை முறித்து அந்த மரத்தின் தாழ்ந்த கொப்பில் செருகிவிட்டுத்தான் போவார்கள். காட்டு ஐயனாருக்கு வைப்பது. ஐயனே, யானை குறுக்கே வராமல் பார்த்துக்கொள் என்று கேட்பது. அங்கே சிலை இல்லை, மணி இல்லை. குழைதான் கோயில்.

பலகை அந்தக் கொப்பை மறைத்துவிட்டது. சனம் என்ன செய்யும்? பெரியவர் வருகிறார் என்று யானை லீவு எடுக்காது. கை பழகிய உயரத்தில் பலகையின் சட்டம் இருந்தது, அதில் செருகினார்கள். ஒருவர் வைத்ததைக் கண்டு அடுத்தவர் வைத்தார். விழாவுக்கு முதல்நாள் பார்க்கிறேன், ஜனாதிபதி கழுத்துவரை குழைக்குள் நிற்கிறார், யானைக்குப் பயந்து பற்றைக்குள் ஒளித்தவரைப் போல. அத்தான் ஓடிப்போய்ப் பிடுங்கக் கை நீட்டினார்.

"தொடாதேங்கோ," என்றாள் அக்கா. "ஐயனாருக்கு வைச்சது. நாளைக்கு நீங்களும் உந்தப் பாதையாலைதான் சைக்கிள் உழக்கவேணும்."

அத்தானின் கை அப்படியே திரும்பி வந்தது.

விழாவன்று ஜனாதிபதி வந்தார். புழுதி, வாகனங்கள், கறுப்புக் கண்ணாடிகள். பலகையடியில் இறங்கியவர் குழைகளைக் கண்டு நின்றுவிட்டார். இது என்ன என்று ஓர் அதிகாரி அத்தானைக் கேட்டார். 

"மரியாதை, சேர். எங்கட சனத்தின்ர மரியாதை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் அவர் காதில் போட்டார். ஜனாதிபதியின் கண் கலங்கியது, அல்லது கமராவுக்குக் கலங்கியது. தன் முகத்துக்கு முன்னாலேயே நின்று கைகூப்பினார்.

"எடியே, அந்தாள் தன்னையே கும்பிடுது," என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

பிறகு பேச்சு. எந்தக் கட்டளையும் இல்லாமல் மக்கள் வைத்த இந்தப் பச்சை இலைகளை வரலாறு மறக்காது என்றார். கைதட்டினார்கள். வரிசையில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் அக்காவை நிறுத்தியிருந்தார்கள். அவர் கடந்துபோகையில் அக்கா வாய் திறந்தாள்.

"ஐயா, என்ர வயல் அந்தக் கம்பிக்குள்ளை கிடக்கு. எப்ப விடுவியள்?"

மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார். ஜனாதிபதி தலையாட்டி ஏதோ சொன்னார்.

"உங்கட அன்பைத் தான் ஒருநாளும் மறக்கமாட்டாராம், அம்மா."

"நான் அன்பைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே, தம்பி," என்றாள் அக்கா. அவர்கள் அதற்குள் துருசடிக்குப் போய்விட்டார்கள். மதகின் கதவு உயர்ந்தது. புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடி, முகாமின் கம்பிக்குக் கீழால் அக்காவின் வயலுக்குள் நுழைந்தது. வத்தகைக்கு நல்ல காலம்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கூப்பிய கை, குழை, கீழே வன்னி மக்களின் அன்பு என்று ஒரு வரி. இவருடைய காலத்தை நாளைக்கு எழுதப்போகிறவர் குளிரூட்டிய அறையில் இருந்து இந்தப் படத்தைத்தான் எடுப்பார். வீரைமரத்தை அவருக்குத் தெரியாது. கம்பி படத்துக்கு வெளியே நிற்கிறது.

அக்கா பத்திரிகையை அத்தானின் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யானைக்கு வைச்சதெண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

"சொல்லியிருந்தால் முகம் சுழிப்பார். பேந்து வயல்..."

"சொல்லாமல் விட்டு வந்திட்டுதோ?"

 அந்த வயலுக்காக எத்தனையோ அரச கந்தோர் வாசல்களில் செருப்புத் தேய்ந்த மனிதர் அத்தான். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி, மாட்டடிக்குப் போனார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை அவருடைய முதுகு கொஞ்சம் குறைத்தது. ஒரு நல்ல மனிதனின் வாயிலிருந்து மரியாதை என்ற பொய்யைப் பிடுங்கியவர்மேல் அது இருமடங்காகப் போய்ச் சேர்ந்தது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

என்னைப் பேருந்து ஏற்ற அக்கா கூட வந்தாள். பலகையில் பழைய குழைகள் சுருண்டு தொங்கின, நடுவில் அன்று விடிய யாரோ வைத்த ஒன்றிரண்டு பச்சை. அக்கா ஒரு குழை முறித்தாள். பலகையைத் தாண்டினாள், மரத்தையும் தாண்டினாள். முகாம் வேலிக்குப் போய், காவலுக்கு நின்ற பெடியன் பார்த்துக்கொண்டிருக்க, தன் வயலுக்கு நேரே முட்கம்பியில் செருகினாள்.

"இதுவும் ஐயனாருக்கோ அக்கா?"

"இல்லை. நான் வந்துபோனதெண்டு நிலத்துக்குத் தெரியவேணும்."

தார் முடியும் இடத்தில் பேருந்து திரும்பி நின்றது. நடத்துனர் கத்தினார். நான் மிதிபலகையில் கால் வைத்ததும் அக்கா என் பையை மேலே தந்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதிறதெண்டால் யானைக்குத்தான் வைச்சதெண்டு எழுது. வயல் இன்னும் உள்ளுக்கைதான் கிடக்கெண்டும் எழுது. வேறை ஒண்டும் சோடிக்காதை. போட்டு வா."