பக்கவாட்டில் நின்றவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய சாலையில், ஒரு மத்தியானம், என் பழைய காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின் சீட்டில் மனைவியின் மடியில் மகளுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். செல்போனில் சிக்னல் இல்லை. ஓட்டினால் எஞ்சின் வெடித்துவிடுமோ என்று பயந்து, வண்டியை நிறுத்தினேன்.

ஷிப்ட் முடிந்து நடந்து வந்த ஒருவர் நின்றார். பாய்லர் ஆப்பரேட்டராம். கழுத்திலிருந்து காது வரை தோல் வெந்து ஆறி மினுமினுத்தது. பானெட்டைத் திறக்கும்போது எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஊட்லருந்து எவ்ளோ நேரமா ஓட்டிக்கினு வர்றீங்க?”

“ரெண்டு நிமிஷம்தான்.”

“ரெண்டு நிமிசத்துல எந்தத் தண்ணியும் கொதிக்காது சார்.”

ரேடியேட்டர் ஹோஸைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புகூட இல்லையாம். என்னைச் சாவி போடச் சொல்லிவிட்டு, எஞ்சினில் இருந்த சென்சாரின் வயரைப் பிடுங்கினார். முள் சட்டென்று கீழே விழுந்தது.

“மீட்டரு நல்லாத்தான் கீது. சென்சாருதான் அவுட்டு. பயப்படாம போங்க.”

“நீங்களும் ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்” என்றேன்.

இரண்டடி பின்வாங்கினார். அவர் கை தானாகக் காதுக்குப் போனது. “வேணாம் சார். நான் நடந்தே போய்க்கிறேன்.”

அவரே ஏறப் பயந்தால், வண்டி நிஜமாகவே சரியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மகள் இருமினாள், வண்டியை எடுத்தேன். செத்துக் கிடந்த முள்ளைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரி வரை ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அந்த மனிதர் என் எஞ்சினுக்குள் கையை விட்டார்?