மேலுதடு வரைக்கும் இழுக்கிற துணி

போன கிழமை புத்தளம் டவுனில் ஒரு குழந்தைச் சாமான் கடைக்குள் நின்றேன். என் வீட்டுக்காரருடைய அக்காவின் மகள் தர்சினிக்குத் தலைப்பிள்ளை. பிள்ளைக்கு வாயால் ஓயாமல் வீணீர் வடிகிறதாம், சட்டை நெஞ்சில் நனைந்தபடியே கிடக்கிறதாம், கழுத்தில் கட்டிவிடப் பிப் வாங்க வேண்டும், மாமி நீங்களும் வாங்கோ என்றாள். போய் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். அழுத்திப் பூட்டுகிற பொத்தானைப் பல்லால் கடித்து இழுத்தேன், பிடுங்கிக்கொண்டு வந்தால் பிள்ளை விழுங்கிவிடுமே. சிவப்பு ஒன்றின் ஓரத்தில் துப்பல் தொட்டுத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். தர்சினி வெட்கம் தாங்காமல் அந்தப் பக்கம் போய்ச் சப்பாத்து பார்ப்பதுபோல நின்றுகொண்டாள்.

கடைசியில் அவளுக்குப் பிடித்தது ரப்பர் மாதிரி வளைகிற, கீழே ஒரு பை வைத்த சாமான். வாயிலிருந்து விழுவதையெல்லாம் அந்தப் பை ஏந்திக்கொள்ளுமாம். அதன் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஆலங்குடா ஞாபகம் வந்துவிட்டது.

சண்டை முடிந்து சில வருசங்கள் போயிருந்தன. இவர் அப்போது ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு விடுதிக் குசினியில் சமையல் வேலை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெள்ளைக்காரர் வந்து பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குவார்கள். அப்படி வந்த ஒரு சோடி, பை வைத்த பிப் ஒன்றை அறையில் விட்டுவிட்டுப் போயிருந்தது. இவர் அதைப் பொன்போலக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் சும்மா இருப்பேனா? நல்ல சாமானை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா, அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் வருத்தமோ என்று கேட்டு, அதைச் சட்டியில் போட்டு அவித்தேன். அது அப்பளம் மாதிரிச் சுருண்டு போனது.

சந்தேகம் என் பிறவிக் குணம் என்று இவர் சொல்லுவார். இருக்கட்டும். ஆனால் வன்னியில் வளர்ந்து, முகாமில் கிடந்து, வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் யார் வீட்டுக்கு என்று காது கொடுத்துப் பழகியவளிடம் வேறு எந்தக் குணத்தை எதிர்பார்ப்பது? அந்த வருசம் அந்தக் குணத்துக்கு வீட்டிலேயே வேலை இருந்தது.

என் தம்பி தயாளனும் அம்மாவும் முகாமிலிருந்து வந்து எங்களோடு இருந்தார்கள். தம்பி களப்பில் வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். யாரோ ஒருவர் அடிக்கடி வந்து, அவன் முன்பு எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று ஒரே கேள்விகளைச் சிரித்துச் சிரித்துக் கேட்பார். ஒருநாள் தம்பி, தான் வள்ளம் ஏறப் போவதாகச் சொன்னான். இந்தக் கரையிலிருந்து அப்போது எத்தனையோ பெடியள் அவுஸ்திரேலியாவுக்கென்று கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மறிப்பார் என்று நினைத்தேன். அவர் அவனுடைய சேட்டுகளை மடித்துக் கொடுத்தார். எந்த இடத்தில் ஏறினான் என்று எங்களுக்கே தெரியாது. கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை என்று நானும் இவரும் ஊருக்குச் சொன்னோம்.

அவன் போய்க் கொஞ்ச நாளில் என் மகனுக்குப் பல்லு முளைக்கிற முரசு வீங்கி வீணீர் வடியத் தொடங்கியது. அம்மாவுக்கு உடனே பல்லுக்கொழுக்கட்டை ஞாபகம். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கள் ஆட்களுக்கு முதல் பல்லு ஒரு கொண்டாட்டம். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்திய கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். அயலட்டைக்கெல்லாம் பல்லைக் காட்ட வேண்டும். அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு பயமும் இருக்கிறது. முதல் பல்லு கீழ் முரசில் வர வேண்டும். மேலே வந்தால் தாய்மாமனுக்குக் கூடாது, உயிருக்கே கேடு என்பார்கள்.

ஒரு காலை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வாய்க்குள் விரலை விட்டேன். கீழ் முரசு வழுவழுவென்று இருந்தது. மேல் முரசில் அரிசிக் குறுணிபோல ஒன்று விரலில் குத்தியது.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். பல்லுக்கும் மாமனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே விரலை மறுபடி உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். தம்பி கடலில் நிற்கிறான், ஒரு சேதியும் இல்லை. இதை அம்மா கண்டால் தலையில் அடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவார். அவன் எங்கே போனான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதைவிட, அம்மா அன்றைக்கே அவனைச் செத்தவனாக நினைத்துவிடுவார். அவருக்கு மிஞ்சிய ஒரே ஆண்பிள்ளை அவன்.

அப்படித்தான் நான் பிப் தெரிந்தெடுப்பதில் கெட்டிக்காரியானேன். வீட்டில் இருந்ததெல்லாம் நாடிக்குக் கீழே நிற்கிற சின்னத் துணிகள். எனக்கு வேண்டியது அகலமாக, தடிப்பாக, பக்கவாட்டில் நாடா வைத்து, தேவையான நேரம் மேலுதடு வரைக்கும் இழுக்கக்கூடிய ஒன்று. நுரைச்சோலையில் ஜெசீமா ராத்தா என்ற முஸ்லிம் அக்காவின் கடையில் கார்மெண்டில் கழித்த துணிகள் வரும். குவியலைக் கிளறி, துவாய்த் துணியில் தைத்த பெரியவைகளாகப் பொறுக்கி, என் முகத்திலேயே வைத்து வைத்து அளந்தேன். ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன புள்ள, வீணி தொடைக்கவா, மூஞ்சியப் பொத்தவா?"

சும்மா பகிடிதான். ஆனால் என் மனம் விடுமா? இவ ஏன் இதைக் கேட்கிறா? தம்பியைப் பற்றி ஏதும் தெரியுமோ? கேள்வி கேட்டுக்கொண்டு வருகிற அந்த ஆள் இவவின் கடையில்தானே சோடா குடிக்கிறவர்? அதன்பிறகு ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய்க்குக்கூட வெயிலில் சுற்றி வேறு கடைக்குப் போனேன்.

அம்மா நாள்தோறும் கேட்டார். இன்னும் பல்லு வரவில்லையோ? இல்லையம்மா, முரசுதான் வீங்கியிருக்கு. பிள்ளை சிரிக்க வாயெடுத்தால் நான் ஓடிப்போய் வீணீர் துடைத்தேன். சிரிக்கிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற தாயை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். அதுவும் இது விளையாட்டென்று நினைத்து இன்னும் கூடச் சிரிக்கும்.

ஒருநாள் நான் கிணற்றடியில் நின்றேன். அம்மா குசினி வாசலில் இருந்து பிள்ளைக்குக் குரக்கன் கூழ் தீத்திக்கொண்டிருந்தார். கரண்டி வாய்க்குள் போனது. டிக் என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு பிப்பை இழுத்துப் பிள்ளையின் வாயை ஒற்றி, அடுத்த கரண்டியைத் தீத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி பல்லில் பட்டதா, கோப்பையில் பட்டதா, அம்மா கண்டாரா, காணவில்லையா? வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, கயிற்றை இழுக்க மறந்து நின்றேன்.

அன்றிலிருந்து அம்மா பல்லைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அது என்னை இன்னும் பயப்படுத்தியது. யாராவது வாசலில் வந்தால் எனக்கு முதல் அவர் ஓடிப்போய்ப் பிப் கட்டினார். காய்ந்த துணிகளில் அகலமானவற்றை எடுத்து மேலே அடுக்கினார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமோ, அவருக்குத் தெரியும் என்று நான் கண்டதை அவர் கண்டாரோ? ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஒரு குறுணிப் பல்லை நடுவில் வைத்து, தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி வேவு பார்த்தோம். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஒருவழியாகக் கீழ்ப்பல்லும் வந்தது. அதை முதலில் கண்டது அம்மாதான். நேரே வேலிக்கு நடந்துபோய், தெருவால் போய்க்கொண்டிருந்த ஜெசீமா ராத்தாவைக் கூப்பிட்டு, பேரனுக்குப் பல்லு முளைத்துவிட்டது என்றார்.

"கீழ்ப்பல்லு, பிள்ளை. கீழ்ப்பல்லுதான் முதல் வந்தது," என்று அம்மா அழுத்திச் சொன்னார். என் அம்மா அதுவரை பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் கொழுக்கட்டை அவித்தோம். மாமன் நிற்க வேண்டிய பக்கத்தில் இவருடைய தம்பி நின்றார். பிள்ளை கழுத்தில் எல்லாவற்றிலும் பெரிய பிப். ராத்தா பல்லைப் பார்க்கக் குனிந்தார். அம்மா பிள்ளையின் கீழுதட்டை மட்டும் விரலால் இறக்கி, மேலுதட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு காட்டினார். ராத்தா பார்த்து, மாஷா அல்லாஹ் என்று நிமிர்ந்தார். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், தெரியாத நீட்டு நம்பர் ஒன்றிலிருந்து என் போன் அடித்தது. தெரியாத நம்பரை நான் எடுப்பேனா? அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து ஏசினார். மறுபடி அடித்தது. எடுத்தேன். "அக்கா" என்றான். ஏதோ ஒரு தீவில் பிடித்து வைத்திருக்கிறார்களாம், உயிரோடு இருக்கிறானாம். நான் அழத் தொடங்க, அம்மா போனைப் பறித்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பி, மருமோனுக்குப் பல்லு முளைச்சிட்டுது. கீழ்ப்பல்லுதான் முதல். நான் என்ரை கண்ணாலை கண்டனான். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை."

அம்மா போய்ச் சில வருசங்களாகிவிட்டன. செத்தவீட்டைத் தம்பி போனில் பார்த்தான். தீவிலிருந்து வெளியே விட்டார்கள், ஆனால் அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. இருக்கவும் முழு அனுமதி இல்லை, வரவும் வழி இல்லை. மருமகனை இன்றுவரை அவன் தூக்கியதில்லை. ஆலங்குடா வீட்டையும் விட்டுவிட்டு நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். பெரிய பிப்புகளை எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்றுகூட ஞாபகமில்லை. அந்த மேல்பல்லும் ஆடி விழுந்தது. மகன் அதை, புதுப்பல்லு தா என்று அணிலுக்குக் கூரைமேல் எறிந்தான்.

போன வருசம் தம்பி வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"அக்கா, நடுக்கடலிலை எஞ்சின் நிண்டபோது, பிள்ளைக்கு மேல்பல்லு வந்திட்டுதோ எண்டுதான் யோசிச்சனான். அம்மா அண்டைக்குச் சொன்னது உண்மையே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே, சந்தேகம் இல்லாமல் இருக்குமா?

"ஓமடா. கீழ்ப்பல்லுதான்," என்றேன்.

முதல் வந்த அந்தப் பல்லைக் கண்டவர்களில் இனி நான் ஒருத்திதான் மிச்சம். அவன் ஒருநாள் வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றட்டும், அன்றைக்குச் சொல்லுகிறேன். அதுவரைக்கும் அது கீழ்ப்பல்லுதான்.